ஒயரா, காற்றா? மலையில் லோரா மாட்யூல் பேச மறுத்தால் எங்கே தேடுவது

லோரா என்பது கொஞ்ச மின்சாரத்தில் நெடுந்தூரம் சேதி அனுப்பும் ரேடியோ முறை. ‘ஸ்டார்ட்டிங் லோரா ஃபெயில்டு’ என்று திரையில் வந்ததும் முக்கால்வாசிப் பேர் முதலில் கை வைப்பது ஆன்டெனாவில்தான். அதைத் திருகுவார்கள், ஜன்னல் பக்கம் திருப்புவார்கள், வாசலுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வரிக்கும் ஆன்டெனாவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, தன் பக்கத்தில் நாலு விரல்கடை தூரத்தில் இருக்கும் ரேடியோ சிப்பிடம் “நீ யார்?” என்று கேட்டிருக்கிறது. சரியான பதில் வரவில்லை. அவ்வளவுதான். காற்றில் இன்னும் எதுவும் போகவே இல்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கோளாறு ஒயரிலா, காற்றிலா? ஆர்டுயினோவுக்கும் மாட்யூலுக்கும் இடையில் ஓடும் ஆறேழு கம்பிகள் ஒரு பக்கம். ஒரு மாட்யூலுக்கும் இன்னொரு மாட்யூலுக்கும் இடையே உள்ள வெளி இன்னொரு பக்கம். முதல் பக்கம் சரி என்று நிரூபித்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் ஒரு வார இறுதி முழுவதும் போய்விடும்.

நீலகிரியில் இந்தக் கேள்வி எப்போது அதிகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. நீர்ப்பனி ஆரம்பித்து, தலைகுந்தா, காந்தல் பக்கம் புல் வெளுக்கத் தொடங்கியதும், பள்ளத்தில் இருக்கும் கேரட் வயலிலோ தேயிலையிலோ ராத்திரி எத்தனை டிகிரி என்று வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால் விடியற்காலையில் ஸ்பிரிங்ளரைப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாமே என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. வயலில் ஒரு ஆர்டுயினோ, ஒரு வெப்பநிலை சென்சார், ஒரு லோரா மாட்யூல். வீட்டில் இன்னொரு ஜோடி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த அமைப்பை வைத்தே பேசுகிறேன்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘ஆர்ஏ-02’ மாட்யூல் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கானது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் இந்த மாதிரி வேலைக்கு வசதியான பட்டை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அங்கே 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் வரை அனுமதி உண்டு. 433-ல் அனுமதித்த சக்தியும் குறைவு, அகலமும் மிகக் குறுகல். லோரா வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 125 கிலோஹெர்ட்ஸ் அதற்குள் அடங்காது. எனவே 868 என்று குறித்து விற்கும் மாட்யூலை வாங்குங்கள். ஆர்எஃப்எம்-95, ஆர்ஏ-01எச் இரண்டும் எஸ்எக்ஸ்1276 குடும்பத்துச் சிப்பில் ஓடுபவை. ஒரு மாட்யூல் 868-ம் இன்னொன்று 433-மாக வாங்கி வந்தால் எந்த நிரலாலும் அவற்றைச் சேர்த்துவைக்க முடியாது.

இன்னொரு எழுத்தையும் கவனியுங்கள். ஆர்ஏ-01எஸ்எச் என்று நடுவில் ஒரு ‘எஸ்’ கூடுதலாக இருந்தால் உள்ளே இருப்பது எஸ்எக்ஸ்1262. அது வேறு ஜாதி. ‘பிஸி’ என்று தனியாக ஒரு கால் இருக்கும், பேசும் முறையே வேறு. 1276-க்கு எழுதிய லைப்ரரி (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) அதனிடம் என்ன கேட்டாலும் ‘ஃபெயில்டு’தான். அதற்கு ரேடியோலிப் போன்ற லைப்ரரி வேண்டும். அந்த லைப்ரரி மைனஸ் 2 என்ற பிழை எண்ணைக் காட்டினால், சிப்பையே காணவில்லை என்று பொருள். மறுபடியும் ஒயர் பக்கம்தான்.

இந்த மாட்யூல்களின் கால்கள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். பிரெட்போர்டின் துளைகள் 2.54. இழுத்துப் பிடித்துச் செருகினால் நுழைந்த மாதிரிதான் தெரியும். அடாப்டர் தட்டு ஒன்றில் பற்றவைத்து, அதற்குப் பின்களை வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். கோயம்புத்தூர் போய் வாங்கிவர ஒரு நாள் ஆகும் நமக்கு, இந்தப் பத்து இருபது ரூபாய்த் தட்டை மறப்பது போல எரிச்சல் வேறில்லை.

முதல் படி: மின்சாரம்

எஸ்எக்ஸ்1276 சிப் 1.8 முதல் 3.7 வோல்ட் வரை தாங்கும். 5 வோல்ட் கொடுத்தால் போய்விடும். சில சமயம் உடனே போகாது. சூடாகி, இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு போகும். அது இன்னும் மோசம், ஏனென்றால் நீங்கள் அந்த இரண்டு நாளை நம்பி மற்றதையெல்லாம் சந்தேகப்படுவீர்கள்.

3.3 வோல்ட் காலில்தானே கொடுத்திருக்கிறேன் என்பீர்கள். உனோ பலகையின் 3.3 வோல்ட் காலிலிருந்து 50 மில்லிஆம்பியர் வரைதான் எடுக்கலாம் என்று கணக்கு. நானோவில் அந்த 3.3 வோல்ட் யூஎஸ்பி சிப்பிலிருந்தே வருவது. அங்கேயும் கை தாராளம் கிடையாது. மாட்யூல் கேட்டுக்கொண்டிருக்கும்போது பத்துப் பன்னிரண்டு மில்லிஆம்பியர்தான் குடிக்கும். பேசும்போது, முழுச் சக்தியான 20 டிபிஎம்-ல், 120. அதனால்தான் ரிசீவர் நன்றாக ஓடும்; அதே பலகையை அனுப்ப வைத்தால் திணறும். அனுப்பத் தொடங்கும் நொடியில் ஆர்டுயினோ திரும்பத் திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்குகிறதா? நிரலில் தப்புத் தேடாதீர்கள். மின்சாரம் விழுகிறது.

இதை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. மல்டிமீட்டரின் முனைகளை மாட்யூலின் விசிசி, கிரவுண்டு கால்களிலேயே வையுங்கள். ஆர்டுயினோ பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள ஒயரின் இழப்பு தெரியாது. சாதாரண அமைப்பில் ஒரு பாக்கெட் ஐம்பது அறுபது மில்லிநொடியில் முடிந்துவிடும், சாதாரண மீட்டர் அதைப் பார்க்கவே பார்க்காது. எனவே சோதனைக்காக ஸ்பிரெடிங் ஃபேக்டரை (செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற எண்) 12 ஆக்குங்கள். இருபது எழுத்துள்ள பாக்கெட் ஒரு நொடிக்கு மேல் நீளும். இப்போது மீட்டரைப் பாருங்கள். 3.30 என்று நின்றுகொண்டிருந்த எண் அனுப்பும் நொடியில் 3.2-க்குப் போனால் பரவாயில்லை. 2.8, 2.7 என்று குதித்து இறங்கி மறுபடி ஏறினால் கோளாறு கைக்கு அகப்பட்டுவிட்டது.

மீட்டரே இல்லை என்றால் அனுப்பும் சக்தியை 2 டிபிஎம் ஆகக் குறைத்துப் பாருங்கள். அப்போது ஓடுகிறது, 17-ல் ஓடவில்லை என்றால் அதுவும் அதே தீர்ப்புதான்.

மருந்து: தனியாக ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர், குறைந்தது 250 மில்லிஆம்பியர் தாங்குவதாக. மாட்யூலின் கால்களை ஒட்டி 47 அல்லது 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று, கூடவே 0.1 மைக்ரோஃபேரட் ஒன்று. ரெகுலேட்டரின் கிரவுண்டையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம். கிரவுண்டு பொதுவாக இல்லாவிட்டால் மற்ற கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இரண்டாம் படி: கம்பிகள்

மாட்யூலோடு பேசுவது, சிப்புகள் தமக்குள் பேசும் எஸ்பிஐ என்ற கம்பி முறை வழியாக. உனோ, நானோ பலகைகளில் மோசி (ஆர்டுயினோ சொல்வது) 11, மிசோ (மாட்யூல் சொல்வது) 12, எஸ்சிகே (தாளம்) 13. என்எஸ்எஸ் (இந்தச் சிப்போடுதான் பேச்சு என்று காட்டுவது) வழக்கமாக 10, ரீசெட் 9, டிஐஓ-0 இரண்டாம் கால். மெகா பலகைக்கு மாறினால் மோசி 51, மிசோ 50, எஸ்சிகே 52. உனோவின் எண்களை அப்படியே மெகாவில் செருகுவது நிறைய நடக்கிறது. சாதாரண ஈஎஸ்பி32 பலகையில் 23, 19, 18. லோரா சேர்ந்தே வரும் ஈஎஸ்பி32 பலகைகளில் உள் இணைப்பு இன்னும் வேறு. விற்பவர் தரும் படத்தைப் பார்த்து எண்களை நிரலில் நீங்களே எழுத வேண்டும்.

மோசி மோசிக்கு, மிசோ மிசோவுக்கு. சீரியல் போர்ட்டில் டிஎக்ஸ்-ஐ ஆர்எக்ஸ்-க்குக் குறுக்காகப் போட்டுப் பழகிய கை இங்கேயும் குறுக்காகப் போடும். போடக் கூடாது.

உனோவின் கால்கள் 5 வோல்ட் தள்ளுபவை. மாட்யூல் அதைத் தாங்காது. மோசி, எஸ்சிகே, என்எஸ்எஸ், ரீசெட் நான்குக்கும் உனோ காலிலிருந்து மாட்யூலுக்கு ஒரு 1 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு 2 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்துப் பிரித்தால் 5 வோல்ட் 3.3 ஆகிவிடும். மிசோ, டிஐஓ-0 இரண்டும் மாட்யூலிலிருந்து வருபவை, நேராகவே கொடுக்கலாம். உனோ 3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளும். 3.3 வருகிறது. மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் ஓடும்.

இந்த ரெசிஸ்டர் வேலையே வேண்டாம் என்றால் 3.3 வோல்ட் புரோ மினியோ ஈஎஸ்பி32-வோ எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். உனோ ஏற்கெனவே கையில் இருப்பதால் அதிலேயே தொடங்குகிறீர்கள் என்றால் தப்பில்லை.

ரெசிஸ்டருக்குப் பதில், 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் லெவல் ஷிஃப்டர் தட்டு போட்டிருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மலிவான தட்டுகள் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. லோரா லைப்ரரி எஸ்பிஐ-யை 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டப் பார்க்கும். அதை 1 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்ததும் செத்த மாட்யூல் எழுந்து உட்காரும்.

13-ஆம் கால் பற்றி ஒரு வார்த்தை. பலகையிலேயே இருக்கும் எல்இடி அந்தக் காலில்தான். பாக்கெட் போனதற்கு அடையாளமாக எல்இடி-யை மினுக்கலாம் என்று பழைய ‘பிளிங்க்’ நிரலின் வரிகளைச் சேர்த்தீர்களானால் எஸ்சிகே கம்பியை நீங்களே பிடுங்கியதற்குச் சமம். வேறு காலில் வேறு எல்இடி வையுங்கள்.

மூன்றாம் படி: 18 என்ற எண்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எஸ்எக்ஸ்1276, 1278 சிப்புகளில் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண் 42-ல் ஒரு ரெஜிஸ்டர், அதாவது சிப்பின் உள்ளே ஒரு சிறு நினைவுக் கட்டம், இருக்கிறது. சிப்பின் பதிப்பு எண் அதில் பதிந்திருக்கும். படித்தால் பதினாறடிமானத்தில் 12, நம் கணக்கில் 18, வர வேண்டும். லைப்ரரி ‘ஃபெயில்டு’ என்று சொல்வதும் இந்த எண் வராததால்தான். ஆனால் அது ஒரு தடவை கேட்டுவிட்டு நின்றுவிடும், என்ன வந்தது என்றும் சொல்லாது. அதனால் நாமே கேட்போம்.

நிரல் பத்து வரிக்கு மேல் போகாது. என்எஸ்எஸ் காலை அவுட்புட் ஆக்கி ‘ஹை’யில் வையுங்கள். ரீசெட் காலையும் அவுட்புட் ஆக்கி ‘ஹை’யில் வையுங்கள். எஸ்பிஐ-யைத் தொடங்குங்கள், 1 மெகாஹெர்ட்ஸ், மோட் 0. பிறகு லூப்புக்குள்: என்எஸ்எஸ்-ஐ ‘லோ’ ஆக்கி, முகவரியான பதினாறடிமான 42-ஐ அனுப்பி, அடுத்து வெறும் 0 ஒன்றை அனுப்பி, அப்போது திரும்பி வரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு, என்எஸ்எஸ்-ஐ மறுபடி ‘ஹை’ ஆக்குங்கள். எண்ணைத் திரையில் அச்சிடுங்கள். அரை நொடி நிறுத்துங்கள். திரும்பச் செய்யுங்கள்.

சீரியல் மானிட்டரில் எண்கள் வரிசையாக இறங்கும். கிறுக்கலாக வந்தால் மானிட்டரின் வேகமும் நிரலில் எழுதிய வேகமும் வேறு வேறு. 9600 என்றால் இரண்டிலும் 9600.

18, 18, 18 என்று நிலையாக வந்தால் மோசி, மிசோ, எஸ்சிகே, என்எஸ்எஸ், மின்சாரம் ஐந்தும் சரி. முகவரி போய்ச் சேர மோசி வேண்டும், பதில் வர மிசோ வேண்டும், இரண்டுக்கும் தாளம் எஸ்சிகே. ஒன்று குறைந்தாலும் 18 வராது.

எப்போதும் 0 வந்தால் பெரும்பாலும் சிப்புக்கு மின்சாரமே இல்லை. என்எஸ்எஸ் வேறு காலில் இருக்கலாம். ரீசெட்டும் காரணமாகலாம், இது பலருக்குத் தெரியாத இடம்: ரீசெட் கம்பிக்கும் ரெசிஸ்டர் போட்டுப் பிரித்திருக்கிறீர்கள், ஆனால் சோதனை நிரலில் 9-ஆம் காலை ‘ஹை’ ஆக்க மறந்துவிட்டீர்கள் என்றால், கீழே கிரவுண்டுக்குப் போகும் அந்த 2 கிலோஓம் ரெசிஸ்டரே ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். சிப் கண்ணைத் திறக்கவே முடியாது. சந்தேகமாக இருந்தால் ரீசெட் கம்பியை மொத்தமாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அது சும்மா கிடந்தாலும் சிப் ஓடும்.

255 வந்தால் மிசோ எதிலும் தொடாமல் தொங்குகிறது என்று முதலில் நினையுங்கள்.

18-ம் வேறு எண்களும் மாறி மாறி வந்தால் அதுதான் சுவாரஸ்யம். எண்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கம்பியாக மெல்ல அசையுங்கள். எதைத் தொட்டதும் எண் மாறுகிறதோ அதை மாற்றுங்கள். ஜம்பர் கம்பியின் உள்ளே, பிளாஸ்டிக் மூடிக்குள், பற்று விட்டிருப்பது வெளியே தெரியாது. நீளமான கம்பிகளைக் குட்டையாக்கினாலேயே பாதிப் பிரச்சினை தீரும். பத்து சென்டிமீட்டர் போதும்.

எஸ்டி கார்டு மாட்யூலும் இதே எஸ்பிஐ கம்பிகளில் இருந்தால் அதை முதலில் முழுக்கக் கழற்றிவிடுங்கள். மலிவான எஸ்டி தட்டுகளில் பல, தன் முறை முடிந்த பிறகும் மிசோ கம்பியை விடாது. அது வாயைப் பொத்திக்கொண்டிருக்கும்போது ரேடியோ என்ன சொன்னாலும் உங்களுக்குக் கேட்காது.

எல்லாம் செய்தும் 0 அல்லது 255 என்றால், மாட்யூலை 18 காட்டிய இன்னொரு பலகையில் மாற்றிப் போடுங்கள். அங்கேயும் வரவில்லை என்றால்தான் ‘செத்துவிட்டது’ என்ற வார்த்தையைப் பயன்படுத்தலாம். “அண்ணா, மாட்யூல் டெட்” என்று கொண்டு வரும் கல்லூரிப் பையன்களிடம் நான் முதலில் கேட்பது “எண் என்னப்பா வந்தது?” என்றுதான்.

நான்காம் படி: ஒரே அறையில் இரண்டு

இப்போதுதான் காற்று. ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் அனுப்ப விடாதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி சிப்புக்கே திரும்பும். கையில் ஆன்டெனா இல்லை என்றால் ஒற்றைக் கம்பி ஒன்று போதும். 866 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 8.6 சென்டிமீட்டர். 433-க்கு 17.3. 433-க்கான நீள ஆன்டெனாவை 866-ல் மாட்டினால் பெரிதாக இருக்கிறதே, நன்றாக எடுக்கும் என்று தோன்றும். எடுக்காது.

இரண்டையும் மேசையில் ஒட்டி வைத்துச் சோதிக்க வேண்டாம். காதருகே கத்தினால் என்ன கேட்கும்? மூன்று மீட்டர் தள்ளி, 2 டிபிஎம் சக்தியில் தொடங்குங்கள்.

லைப்ரரியோடு வரும் ‘லோரா சென்டர்’, ‘லோரா ரிசீவர்’ எடுத்துக்காட்டுகளை ஏற்றுங்கள். அவற்றில் 915 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். அது அமெரிக்கக் கணக்கு. இரண்டிலும் 866 ஆக்குங்கள். உங்கள் சென்சார் நிரலை இப்போது ஏற்றாதீர்கள்.

ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டியவை இவை: அலைவரிசை, ஸ்பிரெடிங் ஃபேக்டர், பேண்ட்விட்த் (பட்டையின் அகலம்), சிங்க் வேர்டு (நம் கூட்டத்துச் செய்தி என்று காட்டும் எண்), ஹெடர் முறை (செய்திக்கு முன் தலைப்பு வைப்பதா என்பது). ஒன்று மாறினாலும் மறுபக்கத்துக்குக் கிடைப்பது வெறும் மௌனம்தான். அரைகுறையாகக் கேட்பது, கரகரப்பு என்று எதுவும் லோராவில் கிடையாது. அதனால்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பிழை திருத்தச் சேர்க்கும் கூடுதல் பிட்டுகளின் அளவான கோடிங் ரேட்டை மட்டும் ஹெடரே சொல்லிவிடும், வழக்கமான முறையில் அது வேறாக இருந்தாலும் பாதகமில்லை.

ஒரு பக்கம் ரேடியோஹெட், மறுபக்கம் வேறு லைப்ரரி என்றால் இன்னொரு கூத்து. ரேடியோஹெட் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் தன் கணக்குக்கு நான்கு பைட் சேர்த்துக்கொள்ளும். உங்கள் ‘டெம்ப் 3.5’ என்ற செய்திக்கு முன் நாலு கிறுக்கெழுத்து வந்தால் அதுதான். எதிர்த்திசையில், மற்ற லைப்ரரி அனுப்பியதன் முதல் நாலு எழுத்தை ரேடியோஹெட் முகவரி என்று எடுத்துக்கொண்டு, ‘எனக்கு இல்லை’ என்று தூக்கிப் போட்டுவிடும். இரு பக்கமும் ஒரே லைப்ரரி வையுங்கள், வம்பு வேண்டாம்.

அனுப்பும் நிரல் ‘பாக்கெட் முடியக் காத்திருக்கிறேன்’ என்ற வரியிலேயே உறைந்து நின்றால் டிஐஓ-0 கம்பியைப் பாருங்கள். ‘அனுப்பி முடித்தேன்’ என்று சிப் சொல்வது அந்தக் கம்பியில். ரேடியோஹெட்டுக்கு அது இல்லாமல் ஆகாது. உனோவில் அது 2 அல்லது 3-ஆம் காலில்தான் இருக்க வேண்டும், நிரலை இடைமறித்துச் சேதி சொல்லும் இன்டரப்ட் வசதி உள்ளவை அவை இரண்டுதான்.

யாரும் அனுப்பாதபோதே புரியாத எழுத்துகள் வந்து விழுகின்றனவா? பேய் இல்லை. செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சிஆர்சி சோதனையை இரு பக்கமும் இயக்குங்கள். சில லைப்ரரிகளில் அது தானாக இயங்காது. அப்படியே செய்தியின் முதலில் உங்களுக்கென்று ஒரு அடையாள எண்ணும் சேர்த்துவிடுங்கள். ஊரில் இன்னொருவர் இதே எடுத்துக்காட்டு நிரலை ஓட்டிக்கொண்டிருந்தால் அவர் வயலின் குளிர் உங்கள் திரையில் தெரியும்.

ரிசீவர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆர்எஸ்எஸ்ஐ என்று, வந்த சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஒரு எண் தரும். மூன்று மீட்டரில் மைனஸ் 30 முதல் 60-க்குள் இருக்க வேண்டும். அறைக்குள்ளேயே மைனஸ் 100 என்றால் ஆன்டெனா சரியில்லை அல்லது சிப்பின் தவறான வாயிலிலிருந்து அனுப்புகிறீர்கள். எஸ்எக்ஸ்1276-க்கு வெளியேறும் வழிகள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஆர்எஃப்எம்-95-ல் ஆன்டெனாவுக்கு இணைத்திருப்பது ‘பிஏ பூஸ்ட்’ வழி. நிரல் ‘ஆர்எஃப்ஓ’ என்று கேட்டால் கசிவு மட்டும்தான் வெளியே போகும். அறையில் ஓடும், சுவர் தாண்டினால் நின்றுவிடும்.

வெப்பநிலை 85 டிகிரி என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், ரேடியோ ஓடுகிறது. டிஎஸ்18பி20 சென்சார் அளக்காமல் இருக்கும்போது சொல்லும் எண் அது. மைனஸ் 127 என்றால் சென்சார் கம்பியே கழன்றிருக்கிறது.

ஐந்தாம் படி: சரிவில் இறங்குவது

அறையில் ஓடியதை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறோம். அனுப்பும் பெட்டியை வயலில் வைத்துவிட்டு, ரிசீவரை மடிக்கணினியோடு தூக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடங்கள். ஆர்எஸ்எஸ்ஐ-யோடு எஸ்என்ஆர் எண்ணையும் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு) பாருங்கள். ஸ்பிரெடிங் ஃபேக்டர் 7-ல் எஸ்என்ஆர் மைனஸ் 7.5 வரை தாங்கும். 12-ல் மைனஸ் 20 வரை. எண் அந்த விளிம்பை நெருங்குகிறது என்றால் 7-ஐ 9 ஆக்குங்கள், இரு பக்கமும். எடுத்த எடுப்பில் 12-க்குத் தாவ வேண்டாம். பேசும் நேரம் நீளும், பேட்டரி தீரும்.

எங்கே அறுந்தது என்று நின்ற இடத்திலிருந்தே திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் பதில் கண்ணுக்குத் தெரியும்: நடுவில் ஒரு மேடு. கேத்திப் பள்ளத்தாக்கில் எதிரெதிர் சரிவில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு இரண்டு கிலோமீட்டர் இருந்தாலும் சுளுவாகப் பேசும். ஒரே சரிவில் ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் 300 மீட்டர் வயல் பேசாது. மலையில் தூரத்தைவிடப் பார்வைதான் கணக்கு. மேட்டின் மேல் ஒரு மூன்றாவது மாட்யூலை வைத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைப்பது சக்தியை ஏற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

பார்வை இருந்தும் மோசம் என்றால் உயரம். 866 மெகாஹெர்ட்ஸில் அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் சிக்னலுக்குச் சுற்றிலும் ஆறரை மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும். அதில் பாதிக்குச் சற்று மேலாவது காலியாக இருக்க வேண்டும். பெட்டியைத் தேயிலைச் செடிக்கு நடுவில், இலை மட்டத்தில் வைத்தால் அந்த இடம் முழுக்கச் செடியும் மண்ணும். கவாத்து அடித்தபோது அருமையாக ஓடியது, கொழுந்து வந்ததும் நின்றுவிட்டது என்பார்கள். காரணம் இதுதான். ஆன்டெனாவை மூன்று மீட்டர் கம்பத்தில் ஏற்றுங்கள், சென்சாரை மட்டும் கீழே விடுங்கள். கம்பம் இரும்பு என்றால் ஆன்டெனா அதன் உச்சிக்கு மேலே நிற்க வேண்டும், பக்கத்தில் ஒட்டக் கூடாது. வீட்டுப் பக்கம், தகரக் கூரைக்கு அடியில் ரிசீவரை வைத்துவிட்டு வயலைக் குறை சொல்ல வேண்டாம்.

இங்கே எல்லாரும் பழி போடுவது மேகமூட்டத்தின் மேல். மூடுபனி வந்ததும் சிக்னல் போய்விட்டது என்று அடித்துச் சொல்வார்கள். இந்த அலைவரிசையில் மூடுபனியும் மழைத்துளியும் ஒன்றுமே செய்யாது. நனைந்த இலை செய்யும். அதைவிட அதிகமாகச் செய்வது பெட்டிக்குள் வியர்க்கும் தண்ணீர். விடியற்காலையில் பெட்டியைத் திறந்து பாருங்கள்: ஆன்டெனா கனெக்டரின் திருகு வளையத்தைச் சுற்றி, நடு ஊசிக்கும் உலோக விளிம்புக்கும் இடையில், கடுகளவு துளி ஒன்று நின்றுகொண்டிருக்கும். அது போதும் சிக்னலைக் கொல்ல. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் காய்ந்துவிடும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும், நீங்கள் மூடுபனி விலகியது என்பீர்கள். பெட்டியின் அடிப்பக்கம் சிறு துளை போடுங்கள், சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள், கம்பிகள் கீழிருந்து நுழையட்டும். நுழையும் முன் ஒரு வளைவு தொங்கினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

குளிர் வேறு விதத்தில் வரும். பேண்ட்விட்தை 20 கிலோஹெர்ட்ஸ் மாதிரி குறுக்கி வைத்தால் தூரம் கூடும் என்று எங்கேயாவது படித்துச் செய்திருப்பீர்கள். வீட்டில் இருப்பது 18 டிகிரி, வயலில் 0. இரண்டு கிரிஸ்டல்களும் வேறு வேறாக நகரும், குறுகலான பட்டையில் ஒன்றை ஒன்று தவறவிடும். பகலில் ஓடி ராத்திரியில், அதுவும் உங்களுக்குத் தேவைப்படும் அந்த ராத்திரியில் நிற்கும். 125-லேயே விடுங்கள். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. மலிவான சார்ஜர் தட்டுகளுக்கு வெப்பநிலை பார்க்கும் வழக்கம் இல்லை. உறைபனிக் காலையில் சூரியத் தகடு ஏழு மணிக்கே வேலையைத் தொடங்கிவிடும். பேட்டரியைத் தரை மட்டத்தில் வைக்காமல் கம்பத்தில் மேலே ஏற்றினால் சில டிகிரி மிச்சமாகும்.

வோல்டேஜை இறக்கும் மலிவான பக் கன்வர்ட்டர் தட்டுகள் இரைச்சலைக் கக்கும்; ரிசீவரை அதிலிருந்து தள்ளி வையுங்கள். முத்தோரைப் பக்கம் வீடு இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மரியாதைக்காகவும் செய்யலாம். அங்கே சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

லோரா இல்லை, என்ஆர்எஃப்24 என்றால்

இது 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும் வேறொரு ரேடியோ மாட்யூல். மேலே சொன்னது எல்லாம் பொருந்தும், சில மாற்றங்களோடு. மின்சாரம் 1.9 முதல் 3.6 வோல்ட், ஆனால் கம்பிக் கால்கள் 5 வோல்ட் தாங்கும், ரெசிஸ்டர் தேவையில்லை. விசிசி, கிரவுண்டு கால்களில் 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஆர்எஃப்24 லைப்ரரியில் ‘பிரிண்ட் டீட்டெயில்ஸ்’ என்று ஒன்று உண்டு. எல்லாம் 0 அல்லது எல்லாம் எஃப்எஃப் (அதாவது 255) என்று வந்தால் ஒயர். வேகத்தை 250 கேபிபிஎஸ் ஆக்கினால் தூரம் கூடும், பெயரில் ‘பிளஸ்’ உள்ள சிப்பில் மட்டும். வைஃபையிலிருந்து தப்ப 100-க்கு மேல் சேனல் வையுங்கள் என்று பலர் சொல்வார்கள். நம் நாட்டில் உரிமமில்லாத பட்டை 2483.5 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது, அதாவது சேனல் 83-க்குள் இருங்கள். தேயிலைக்கு நடுவில் இந்த அலைவரிசை லோரா அளவுக்கு ஈடுகொடுக்காது. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போதும்.

கடைசியாக, பெட்டியை மூடும் முன் மூடியின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள்: அலைவரிசை, ஸ்பிரெடிங் ஃபேக்டர், பேண்ட்விட்த், சிங்க் வேர்டு, லைப்ரரியின் பெயர், எந்தக் கம்பி எந்தக் காலில். அடுத்த பனிக்காலத்தில் அதைத் திறப்பவருக்கு, அது நீங்களேயானாலும், இவற்றில் பாதி மறந்திருக்கும்.